எல்லையோரத்தில் கபடி ஆடிப் பிழைப்பது

தமிழ்நாடு-ஆந்திரா எல்லையில், நகரிப் பக்கம் கபடி ஆடுகிற பையன்கள் என்னிடம் வந்தால் முதல் கேள்வி, "அண்ணா, புரோ கபடி லீக்குல எப்படிச் சேர்றது?" என்பதாகத்தான் இருக்கும். நான் பதிலுக்கு, ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது, பத்தாவது எங்கே படித்தாய், இதுவரை ஆடியதற்குச் சான்றாகக் கையில் என்ன ஃபாரம் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் முகம் விழுந்துவிடும். விளையாட்டைப் பற்றிக் கேட்க வந்தால் இவன் தாசில்தார் ஆபீஸ் கிளார்க் மாதிரி பேசுகிறானே என்று பார்ப்பார்கள். லெஃப்ட் கார்னரில் (பிடிக்கிற அணியின் இடது ஓரத்தில்) பல வருஷம் ஆடி, முட்டியைக் கிழித்துக்கொண்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்ப ஆடி, அந்த ஆட்டத்தாலேயே ஒரு மத்திய அரசு வேலையும் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்திராதவன் எவ்வளவு பிரமாதமாகப் பிடித்தாலும் முப்பது வயதில் தறிக்குத்தான் திரும்பி வருகிறான்.

தறி ஓட்டுவது கேவலம் என்று சொல்லவில்லை, என் அப்பா பவர்லூம் ஓட்டித்தான் எங்களை வளர்த்தார். ஆனால் இருபது வயதில் ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடிய ஒருவன், கை விரல் கோணி, இடுப்பு பிடித்து, கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் தறிக்கு வந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காது. அப்படி எங்கள் தெருவிலேயே சிலர் உண்டு.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: திருத்தணியில் திருப்பதி பாசஞ்சர் ஏறினால் பொன்பாடி வரும், அப்புறம் பெயரை எழுதவே ஒரு பலகை போதாத வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை வரும், அதைத் தாண்டினால் ஆந்திராவில் எங்கள் நகரி. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் மாட்டுப் பொங்கல் என்றால் இங்கே அதே நாள் கனுமா, இரண்டு பக்கமும் அன்று ராத்திரி மின்னொளி கபடி. ஆடிக் கிருத்திகை சமயம் திருத்தணிப் பக்கம், கங்கையம்மன் ஜாத்திரை சமயம் எங்கள் பக்கம் என்று வருஷம் முழுக்க ஆட்டம் இருக்கும். ஆள் கிடைக்காத டீம்கள் எல்லை தாண்டி வந்து கெஸ்ட்டாகக் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயதில் ஒருவனை வீட்டு வாசலில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனால் அவனுக்குத் தன்னைப் பற்றி என்ன தோன்றும் சொல்லுங்கள்.

சரி, கணக்குப் பார்ப்போம். நோட்டீஸில் முதல் பரிசு 30,000 என்று பெரிய எழுத்தில் இருக்கும். நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, வழியில் பிரியாணி, வெளியூரிலிருந்து கூட்டி வந்த ரைடருக்கு (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவனுக்கு) தனிக் கவனிப்பு, மிச்சத்தை டீமில் எல்லோருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 ரூபாய் தேறினாலே அதிகம். அதுவும் ஜெயித்தால்தான். லீக் சுற்று ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து ஃபைனல் விடியும்போது முடியும், மறுநாள் அந்த உடம்போடு தறியில் நிற்க முடியாது, மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்குத் தறி நின்றால் கூலியும் நின்றது. இழந்த கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அது நோட்டீஸில் அச்சாகவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிக்கிற நுணுக்கம் பார்ப்பதற்காக ரக்பியில் ஒரு வகையான ரக்பி லீக் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்து, அந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று படித்தபோதுதான் தெரிந்தது, அது பிறந்ததே இந்தச் சண்டையில்தான். இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத்திலும் துணி மில்லிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடு செய்தால் அது பணத்துக்கு ஆடுவதாகிவிடும், கூடாது என்றது ரக்பி சங்கம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி கிளப்புகள் தனியாகப் பிரிந்தன, முதல் சீசனில் 22 கிளப்புகள். ஆரம்பத்தில் கொடுத்தது ஒரு நாளைக்கு 6 ஷில்லிங், அதுவும் விட்ட கூலிக்கு. பிற்பாடு 1906-இல் ஆளை 15-லிருந்து 13 ஆகக் குறைத்தார்கள், பிடிபட்டவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரும் முறையும் வந்தது. இன்று அதில் கோடியில் சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு, எல்லாம் துணி மில் ஆட்களின் சனிக்கிழமைக் கூலியிலிருந்து வந்தது. நகரியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தால் யாரோ அந்நியர் கதை என்று தோன்றாது.

எங்களுக்கு ஷில்லிங் கொடுக்க ஆளில்லை. எங்கள் ஆட்டத்துக்குக் கிடைக்கிற ஈடு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. அதற்குத்தான் ஃபாரம்.

"மாநில அளவிலான மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" என்று தலைப்பு போட்டு, எம்.எல்.ஏ. கையெழுத்தோடு ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், வேலைக்கு அதற்கு மதிப்பு பூஜ்யம். மத்திய அரசு வேலைகளுக்குக் கேட்பது வேறு: மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் ஃபாரம் 2, மாநில சங்கத்தின் செயலாளர் கையெழுத்து. பல்கலைக்கழக அணிக்காக இன்டர் யுனிவர்சிட்டி ஆடியிருந்தால் ஃபாரம் 3, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்து. பள்ளியில் படிக்கும்போது மாநில அணியில் தேசியப் பள்ளி விளையாட்டு ஆடியிருந்தால் ஃபாரம் 4, கல்வித் துறை கையெழுத்து. ஃபாரம் 1 இந்தியாவுக்கு ஆடியவர்களுக்கு, அவர்களுக்கு என் அறிவுரை தேவைப்படாது.

ஆடி முடித்த அதே மாதத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் பையன்கள் வேலை அறிவிப்பு வந்த பிறகுதான் ஓடுகிறார்கள், அதற்குள் சங்கத்தில் செயலாளர் மாறியிருப்பார், புதியவர் "என் காலத்துல ஆடலையேப்பா" என்பார். அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பே 2018-இலிருந்து சில வருஷம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கீழ்தான் ஓடியது. மேலேயே அப்படியென்றால் கீழே மாவட்டத்தில் என்ன நடக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

ரயில்வேயைக் குறி வைக்கிறவர்கள் அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். விளையாட்டுக் கோட்டாவில் வயது 18 முதல் 25, தளர்வு யாருக்கும் கிடையாது. 100 மதிப்பெண்ணில் 50 ஏற்கெனவே ஆடிய சாதனைக்கு, 40 டிரையலுக்கு, 10 படிப்புக்கு. அந்தச் சாதனையும் பழையதாக இருக்கக் கூடாது, பொதுவாக நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டும்தான் கணக்கு. பத்தொன்பது வயதில் நேஷனல் ஆடிவிட்டு இருபத்து நான்கில் விண்ணப்பம் போட்டால், அந்த நேஷனல் ஆடாததற்குச் சமம். சில வேலைகளுக்குப் பங்கேற்றிருந்தாலே போதும், சிலவற்றுக்கு முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். ஆக, கபடிக்காரனின் தலையெழுத்து ஏழெட்டு வருஷத்துக்குள் முடிவாகிவிடுகிறது, அதில் பாதி வருஷத்தைக் கெஸ்ட் ஆடியே கழிக்கிறார்கள்.

இப்போது எல்லைக்கு வருகிறேன். கிராமத்துப் போட்டியில் நீ எந்த மாநிலம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாவட்டத் தேர்வில் கேட்பார்கள். எங்கள் டீமில் ஒரு ரைடர் இருந்தான், இடது கையால் எட்டித் தொடுவதில் அவனை மிஞ்ச நான் பார்த்ததில்லை. தாத்தா வீட்டு முகவரியில் தமிழ்நாட்டுப் பக்கமும், சொந்த முகவரியில் ஆந்திரப் பக்கமும் பெயர் கொடுத்து வைத்தான், எங்கே எடுக்கிறார்களோ அங்கே போகலாம் என்று. இரண்டிலும் தேறினான், இரண்டு பக்கமும் யாரோ ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்கள், இரண்டிலும் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த ஜூனியர் வருஷம் அதோடு போனது, வயது வரம்பு தாண்டிவிட்டது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, ஆந்திராவிலும் ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரே ஆள் இரண்டு வாசலிலும் நிற்க முடியாது. எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு பக்கத்தை முடிவு செய்து, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி மூன்றும் ஒரே மாநிலத்தைக் காட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு செய்ய முடியவில்லை என்றால் எல்லையோரத்துப் பையனுக்கு நான் சொல்வது கல்லூரி வழி. பல்கலைக்கழக அணிக்கு நீ எந்த மாநிலத்தான் என்பது பொருட்டே இல்லை, அங்கே முறையாகப் படிக்கிற மாணவனா, வயது வரம்புக்குள் இருக்கிறாயா, அவ்வளவுதான். நான் போனது அந்த வழி. தமிழ்நாட்டுப் பக்கம் கல்லூரி, தென்மண்டல இன்டர் யுனிவர்சிட்டி, ஃபாரம் 3. பட்டமும் கையோடு வந்தது. டிகிரி இல்லாமல் கபடி மட்டும் வைத்திருந்த என் சமகாலத்தவர்களுக்குக் கீழ்நிலை வேலைதான் கிடைத்தது, அதிலும் பதவி உயர்வுக்கு இன்று வரை தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என் அக்கா மகள் திருத்தணியில் பள்ளியில் படிக்கிறாள், ரைடர். சென்னை கண்ணகி நகர் கபடி வீராங்கனை கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய பிறகு அவளுக்கு வீட்டில் எதிர்ப்பே இல்லை, பாட்டிகூட ஸ்கோர் கேட்கிறாள். "மாமா, ஆந்திரா சைடுல போட்டி கம்மி, அங்க போனா டீம்ல ஈசியா எடுத்துடுவாங்க" என்று ஒரு நாள் கணக்குப் போட்டாள். படிப்பது தமிழ்நாட்டில், பள்ளி விளையாட்டு தமிழ்நாட்டு வழியாகத்தான் போகும், ஈசியைத் தேடிப் போனால் பள்ளியையும் மாற்ற வேண்டும் என்றேன். ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டாள்.

புரோ கபடி பற்றிச் சுருக்கமாக. 2014-இல் 8 அணிகளோடு ஆரம்பித்தது, தெலுகு டைட்டன்ஸ் முதல் சீசனிலிருந்தே உண்டு, தமிழ் தலைவாஸ் 2017-இல் சேர்ந்தது. சமீப ஏலங்களில் கடைசிப் பிரிவான டி-க்கு அடிப்படை விலையே 9 லட்சம், மேல் பிரிவுக்கு 30 லட்சம். பெரிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீசன் சில மாதம், அடுத்த வருஷம் எடுப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது, ஏலப் பட்டியலில் பெயர் இருந்தும் விலை போகாமல் நிற்கிறவர்கள் நிறைய. இன்னொன்று, புதுப் பையன்களைத் தேடுகிறவர்கள் ஜூனியர் நேஷனலையும் இன்டர் யுனிவர்சிட்டியையும்தான் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நம் ஊர் ஜாத்திரை ஆட்டத்தை அல்ல. அதனால் லீக்குக்குப் போகிற வழியும் ஃபாரம் வாங்குகிற வழியும் ஒன்றுதான். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டி 2016-இல் பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கினார், நமக்கும் அப்படி நடக்கும் என்று நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

உடம்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், கார்னருக்கு அதுதான் மூலதனம்.

ரைடர் போனஸுக்கு, அதாவது எங்கள் களத்தில் உள்ள போனஸ் கோட்டைத் தாண்டிக் கூடுதல் புள்ளி எடுக்க, வருகிறான் என்று வையுங்கள். களத்தில் பிடிக்கிறவர்கள் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ், முன்கால் அந்தக் கோட்டைத் தாண்டும்போது பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். பின்கால் எழும்பிய அந்தக் கணத்தில் அவன் எடை மொத்தமும் முன்காலில் நிற்கிறது, அப்போது கணுக்காலைப் பிடித்தால் உதற முடியாது. இதை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தலையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தலை அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவே போனால், அவன் திரும்புகிற வேகத்தில் பின்கால் முட்டி நேராகக் காதுப்பொறியில் வந்து இறங்கும். தலை அவன் காலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், கன்னம் கெண்டைக்காலோடு ஒட்ட வேண்டும், கண் மூடக் கூடாது, பிடித்த கை இரண்டும் நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். ரக்பி லீக்கில் ஒவ்வொரு ஆட்டக்காரனும் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிற முதல் பாடம் இந்தத் தலை வைக்கிற பக்கம்தான், எதிராளியின் உடம்புக்குக் குறுக்கே முன்னால் தலையை நீட்டவே விடமாட்டார்கள். நான் எங்கள் பையன்களுக்குப் பிடி கற்றுக்கொடுப்பதற்கு முன், முழங்காலில் நின்றபடி மெதுவாக இதை மட்டும் செய்ய வைக்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள், செய்கிறார்கள்.

தலையில் அடிபட்டால் நம் ஊர் வைத்தியம் தெரியும்: மூஞ்சியில் தண்ணீர், ஒரு சோடா, "ஆடுவியாடா?" "ஆடுவேண்ணா." ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் 2023-இலிருந்து மூளை அதிர்ச்சி உறுதியானால் பொதுவாக 11 நாள் ஆட விடுவதில்லை. நம்மிடம் அப்படி விதி போட ஆளில்லை என்பதால் டீம் கேப்டன்தான் போட வேண்டும். கண் இருண்டது, வாந்தி வந்தது, ஸ்கோர் மறந்தது, இதில் ஒன்று நடந்தாலும் அன்றைக்கு அவன் வெளியே. நான் கேப்டனாக இருந்தபோது அரையிறுதியில் நல்ல கவர் (கார்னருக்கு உள்பக்கம் நின்று பிடிக்கிறவன்) ஒருவனை இப்படி உட்கார வைத்துத் தோற்றோம், அவன் மாமாக்கள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மறுபடி அதே நிலைமை வந்தாலும் உட்காரத்தான் வைப்பேன்.

முட்டிக் கதை. ஒரு பள்ளி மைதானத்தில் ஆட்டம், மேட் (விரிப்பு) இல்லை, மேலே மணல் தூவிய தரை. ரைடர் சட்டென்று திரும்ப, நான் கூடவே திரும்ப, பாதம் மட்டும் திரும்பவில்லை. உள்ளே டக்கென்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. எங்கள் பக்கம் எலும்பு என்றால் அடுத்த வார்த்தை புத்தூர். சென்னையிலிருந்தெல்லாம் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிற ஊர் எங்களுக்கு ரயிலில் பக்கம்தான், அங்கேயே கூட்டிப் போனார்கள். கட்டுப் போடுகிற பெரியவர் முட்டியைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்த்தார். பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை எல்லாம் பக்கத்தில் தயாராக இருந்தன. எதையும் தொடவில்லை. "எலும்பு நல்லா இருக்குது நைனா. உள்ள ஜவ்வு போயிருக்குது. இது என் கையில இல்ல, ஸ்கேன் எடு" என்றார். காசும் வாங்கவில்லை. கட்டி அனுப்பியிருந்தால் நான் சந்தோஷமாக வந்திருப்பேன், மாசக்கணக்கில் நாள் போயிருக்கும். எக்ஸ்ரேயில் ஜவ்வு (எலும்புகளை இணைக்கிற நார்) தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். முட்டியில் சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, நடக்கும்போது கால் நழுவுகிற மாதிரி இருந்தால் நேராக எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஆபரேஷனில் தொடைக்குப் பின்னாலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். ஆபரேஷன் பாதி வேலைதான், மீதி பிசியோதெரபி, ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார். ஆறாவது மாதமே ஓட முடியும், வலிக்காது, ஆபத்து அங்கேதான். பெரிய ரைடர் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2022-இல் 2.26 கோடிக்கு எடுத்தது, முதல் ஆட்டத்திலேயே முட்டி போய் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அடுத்த ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அதைவிட அதிகம் கொடுத்து எடுத்தது. அவர் பவன் செராவத். உனக்கும் எனக்கும் அடுத்த ஏலம் இல்லை.

செலவு யார் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். போட்டி நடத்தியவர்கள் அன்று ஆட்டோவுக்குக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. டீம் வசூல் செய்து கொஞ்சம் தந்தது, மிச்சம் அம்மாவின் நகை. எல்லையோரத்தில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு: எந்த மாநில ரேஷன் கார்டோ அந்த மாநிலத்து இன்சூரன்ஸ் திட்டம்தான் உனக்கு, நீ அடிபட்டு விழுகிற ஊர் அடுத்த மாநிலத்தில் இருக்கும். உன் கார்டுக்கு எந்த ஆஸ்பத்திரி செல்லும், ஜவ்வு ஆபரேஷன் அதில் வருமா என்று அடிபடுவதற்கு முன்பே விசாரித்து எழுதி வைத்துக்கொள். தனி விபத்துக் காப்பீடு எடுப்பதென்றால் விளையாட்டில் படும் காயம் உண்டா என்று வாய்வார்த்தையில் கேட்காமல் பாலிசியில் காட்டச் சொல். டீமாக ஒரு பொது உண்டியல் வைப்பது இன்னும் நல்லது, ஜெயிக்கிற பரிசில் பத்தில் ஒரு பங்கு அதில் போனால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். நாங்கள் வைத்தோம், என் முட்டிக்குப் பிறகுதான் வைத்தார்கள் என்பது என் ராசி.

எடை குறைக்கிற பைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோ, 65 கிலோ போட்டிகளுக்காகத் தண்ணீர் குடிக்காமல், ஜெர்க்கினைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி, எடை போட்டதும் மூச்சு முட்டத் தின்றுவிட்டு ராத்திரி ஆடுகிறார்கள், பிடிப்பு வந்து சுருண்டு விழுகிறார்கள். சீனியர் ஆண்களுக்குத் தேசியப் போட்டியில் 85 கிலோ வரை அனுமதி. வளர்கிற பையன் 65-க்குள் தன்னை அடைத்து வைத்தால் நாளைக்கு மேட் மேல் எண்பது கிலோ ரைடரை எதை வைத்துப் பிடிப்பான்?

முப்பதுக்குப் பிறகு என்ன என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளருக்கான ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, டிப்ளமோவும் இருக்கிறது, டிகிரி உள்ளவர்கள் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்துப் பள்ளிகளில் பி.டி. சாராகப் போகலாம். இன்னும் சிலர் ரெஃப்ரி தேர்வு எழுதுகிறார்கள், ஆட்ட நாளுக்குப் படியும் சாப்பாடும் உண்டு. எங்கள் பழைய ரைட் கார்னர் இப்போது அந்த வேலைதான் பார்க்கிறான், எல்லையின் இரண்டு பக்கமும் விசில் ஊதுகிறான். ஆடுகிற காலத்தில் ரெஃப்ரியோடு அதிகம் மல்லுக்கு நின்றவன் அவன்தான், இப்போது யாராவது வாயைத் திறந்தால் முதல் ஆளாக எச்சரிக்கைக்கான பச்சைக் கார்டை எடுக்கிறான்.